அலுமினிய ஹெட்டில் முறிந்த இரண்டு ஸ்டட்கள்: தூத்தூர்க் கரையிலிருந்து வந்த ஒரு கார்

வண்டி 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல், வயது இருபதுக்கு மேல். உடையவர் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகு ஒன்றில் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டும் தலைவர். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம்தான் அவர் தொடர்ந்து வீட்டில் இருப்பார், வண்டிக்கும் அப்போதுதான் வைத்தியம். மற்ற நாள்களில் அது கடல் பார்த்த முற்றத்தில் கூரையில்லாமல் உப்புக் காற்றில் நிற்கும். வீட்டார் எப்போதாவது மார்த்தாண்டம் வரை ஓட்டிப் போய் வருவார்கள். ஓடித் தேய்ந்ததைவிட நின்று துருவேறியதே அதிகம்.

தக்கலையில் எங்கள் பட்டறைக்கு அது வரும்போது எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடிக்கும் ஸ்டட்களில் (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்) இரண்டு முறிந்திருந்தன. மூன்றாம் சிலிண்டரின் கீழ் ஸ்டட் ஓடும்போதே தானாக முறிந்தது. எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டின் முகத்தோடு முகமாகப் போயிருந்தது. அதை எடுக்கப் போன வேறொரு பட்டறையில், முறிந்த துண்டில் துளை போட்டு அதற்குள் கடித்துத் திருகும் கருவியான ஈஸி அவுட்டை உள்ளே விட்டுத் திருக, அதுவும் உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. மேனிஃபோல்டை இறக்கும்போது முதல் சிலிண்டரின் கீழ் ஸ்டட்டும் முறுக்கிப் போய், ஆறு மி.மீ. அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இந்த இரண்டில் ஒன்று ஒரு வெல்டிங் பொட்டில் வெளியே வந்தது. மற்றதற்காக ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று. ஒரே எஞ்சினில், ஒரே அளவு ஸ்டட்டில் ஏன் இந்த வித்தியாசம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலோர வண்டி பார்க்கிற எல்லாருக்கும் இந்த வேலை இன்றில்லாவிட்டால் நாளை வரும்.

அறிகுறி

உடையவர் சொன்னது: காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம், வண்டி சூடானால் அடங்கிவிடும். இதைப் பலரும் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்து டேப்பெட்டை அட்ஜஸ்ட் செய்து அனுப்பிவிடுகிறார்கள். டேப்பெட் சத்தம் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து சீராக ஏறும். மேனிஃபோல்டு பேக்கிங்கில் காற்று விடும் சத்தம் அப்படியல்ல. குளிர்ந்திருக்கும்போது பலமாக இருக்கும், மேடு ஏறும்போது இன்னும் கூடும். வார்ப்பு இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளி அடைபட்டதும் குறையும். டார்ச் அடித்துப் பார்த்தால், ஹெட்டில் புகை வெளிவரும் துளையான போர்ட்டைச் சுற்றிக் கரி படிந்த விசிறித் தடம் தெரியும். இந்த வண்டியில் மூன்றாம் போர்ட்டின் கீழே அது தெளிவாக இருந்தது.

சத்தம்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடவே கூடாது. அங்கே கசிவது கார்பன் மோனாக்சைடு கலந்த புகை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ரப்பர் அடைப்புகள் பழையதாகிப் போன வண்டியில், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு போனால் அது உள்ளே வர வழி உண்டு. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருகிற வண்டி இது. எங்கள் பட்டறையில் எக்ஸாஸ்ட் கசிவு தெரிந்தால், சரிசெய்யும் வரை கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புவோம்.

முறிந்த துண்டு சொன்னது

ஸ்ராங்கு ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். முதலில் முறிந்த ஸ்டட்டின் வெளித்துண்டை, அதன் நட்டோடு, காகிதத்தில் பொதிந்து டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருந்தார். அதைக் கையில் வாங்கியதும் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

போல்ட் முறிந்த முகத்தைப் பார்த்தால் எப்படி முறிந்தது என்று படிக்கலாம். அளவுக்கு மீறி முறுக்கி உடைத்தது என்றால் முகத்தில் சுழிபோல வளைந்த இழைகள் இருக்கும், மரையும் சற்று முறுக்கிக்கொண்டு நிற்கும். இழுபட்டு அறுந்தது என்றால் கழுத்து ஒடுங்கியிருக்கும். நாள்பட்ட அசைவில் களைத்து முறிந்தது என்றால், ஓர் ஓரத்தில் தொடங்கி அலை இறங்கிய மணலில் கிடக்கும் வரிகள் போல வளைவளைவான கோடுகள் தெரியும். கடைசியில் சட்டென்று விட்ட பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். இந்தத் துண்டில் முகத்தின் முக்கால் பங்கு வழவழப்பு, வரிகள், பழைய துரு. ஒரு மூலையில் மட்டும் புது முறிவு. அதாவது, இது வெகுநாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு, மிச்சமிருந்த சிறு பகுதி தாங்காமல் ஒரு நாள் போயிருக்கிறது.

இதில் வேலைக்கு உதவுகிற செய்தி ஒன்று இருக்கிறது. களைத்து முறிந்த ஸ்டட், மரையில் இறுகிச் சிக்கியதால் முறிந்ததல்ல. அதன் முறிவுக்கும் ஹெட்டின் மரைக்குள் ஏறும் அரிப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உள்ளே மிச்சமிருக்கும் துண்டு ஓரளவு இளக்கமாகவே இருக்க வாய்ப்பு உண்டு. நேர் எதிராக, ஸ்பேனரில் முறுக்கிப் போன ஸ்டட் சிக்கியதால்தான் முறிந்தது. அது சுலபத்தில் வராது. ஆக, இந்த எஞ்சினில் எளிதாக வந்திருக்க வேண்டியது மூன்றாம் சிலிண்டர் ஸ்டட். கஷ்டப்படுத்தியிருக்க வேண்டியது முதல் சிலிண்டர் ஸ்டட். நடந்தது தலைகீழ்.

ஓரத்து ஸ்டட்கள் ஏன் களைக்கின்றன என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். இரண்டு ஓர ஸ்டட்களுக்கும் நடுவே 250 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பு இரும்பு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11 பங்கு விரியும். அலுமினியம் 23 பங்கு. மேனிஃபோல்டு 500 டிகிரி வரை போனால் ஏறத்தாழ 1.3 மி.மீ. நீள்கிறது. தண்ணீர் சுற்றும் ஹெட் 90 டிகிரியிலேயே நிற்பதால் 0.35 மி.மீ.தான் நீள்கிறது. மிச்சம் கிட்டத்தட்ட ஒரு மி.மீ.; ஓரத்துக்கு அரை மி.மீ. மேனிஃபோல்டு பேக்கிங்கின் மேல் வழுக்கி நகர்ந்தால் ஸ்டட்டுக்கு ஒன்றுமில்லை. அதற்காகத்தான் மேனிஃபோல்டுத் துளைகள் ஸ்டட்டைவிடப் பெரிதாக இருக்கின்றன. துருவால் அந்த இடைவெளி அடைபட்டாலோ, நட்டைக் கண்டபடி இறுக்கினாலோ, அந்த அரை மி.மீ. ஒவ்வொரு முறை சூடாகும்போதும் ஸ்டட்டின் கழுத்தை வளைக்கும், ஆறும்போது நிமிர்த்தும்.

உப்புக் காற்றில் இரண்டு உலோகம்

முதல் சிலிண்டர் ஸ்டட்டின் அடியைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. துரு சிவப்பாக அல்லவா இருக்கும், இதென்ன சுண்ணாம்பு போல என்று ஸ்ராங்கு குனிந்து பார்த்தார். அது அலுமினியம் அரித்த பொடி என்று சொன்னதும் அவரே கேட்டார்:

“அண்ணே, எங்க போட்டுக்க அடியில சிங்க் கட்டி வச்சுப் பூட்டுவோமே, இரும்பு திங்காம இருக்கதுக்கு. அந்தக் கணக்குதானா?”

“அதே கணக்குதான். அங்க சிங்க் கரையும், இரும்பு நிக்கும். இங்க சிங்க் கிடையாது, அதனால அலுமினியம் கரையுது.”

அவ்வளவுதான் விஷயம். உப்பு நீர் நடுவில் இருந்தால் இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் ஒன்று மற்றொன்றுக்காக அரிபடும். எஃகு ஸ்டட்டும் அலுமினிய ஹெட்டும் தொட்டால் அரிபடுவது அலுமினியம். அரித்த பொடி மூல உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் இடம் ஏது? அங்கேயே இறுகி ஆப்பாகிவிடும். கொல்லங்கோடு முதல் மணக்குடி வரை கடலோரத்தில் நிற்கும் வண்டிகளிலும், குலசேகரம், அருமனை மலையடிவாரத்தில் நிற்கும் வண்டிகளிலும் ஒரே வயதுடைய ஸ்டட்களைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். மலைப்பக்கத்திலும் மழைக்குக் குறைவில்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனால் வெறும் ஈரம் வேறு, உப்பு கலந்த ஈரம் வேறு.

வெளியே நீட்டிய ஸ்டட்

இதை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகவில்லை. முழு ஸ்டட்டாக இருந்தபோதே ஸ்பேனருக்கு வளையாமல் முறிந்தது, ஆறு மி.மீ. குட்டையில் கடித்துத் திருகினால் வருமா? இப்படிப்பட்ட இடத்தில் பலத்தைக் கூட்டுவதற்கு முன் சூட்டைக் கூட்ட வேண்டும்.

அலுமினிய ஹெட்டில் சூடு காட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. இரும்பு சூடேறினால் சிவந்து நமக்குச் சொல்லும். அலுமினியம் சொல்லாது, நிறம் மாறாமலே இளகிவிடும். சுத்த அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். சிலிக்கன் கலந்த வார்ப்பு 577 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், அதற்கு வெகு முன்பே வலு இழந்துவிடும். அதனால் கேஸ் டார்ச்சை ஹெட்டின் மேல் நேராகக் காட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. ஹீட் கன்னால் சுற்றுப்புறத்தை இதமாகச் சூடாக்கி, விரல் நுனியால் நீர் தெளித்துப் பார்ப்பேன். சீறி வற்றினால் போதும். முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம், நிறுத்திவிட வேண்டும்.

உண்மையான சூடு ஸ்டட்டுக்குள் போக வேண்டும். அதற்கு வெல்டிங்கைவிட நல்ல வழி இல்லை. பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றினோம். பெட்ரோல் ஹோஸை அடைத்து ஒதுக்கினோம், நனைத்த சாக்கு விரித்தோம், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் வைத்தோம். எர்த் கிளிப்பை ஹெட்டிலேயே ஸ்டட்டுக்கு அருகில் மாட்டினோம். பாடியில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகச் சுற்றி வர இடம் கொடுக்கும். முந்தைய பட்டறையில் அடித்திருந்த ஸ்பிரே எண்ணெயையெல்லாம் துடைத்தோம். பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள்: அதில் குளோரின் சேர்ந்த வகை இருக்கிறது, வெல்டிங் சூட்டில் அது நச்சு வாயுவாகும்.

ஸ்டட் எம்8, அதாவது எட்டு மி.மீ. விட்டம். அதன் மேல் எம்8 நட்டைத் திருகி வெல்டு வைப்பதைவிட, எம்10 நட்டை இறக்கினால் நட்டுக்குள்ளே வெல்டிங் முனை எட்டும், அடிவரை பிடிக்கும். சி.ஓ.டூ வெல்டிங்கில் ஸ்டட்டின் நடுவிலிருந்து தொடங்கி நட்டின் உட்சுவர் வரை நிரப்பினோம். அலுமினியத்தில் பொறி விழுந்தாலும் எஃகு வெல்டு அதில் ஒட்டாது, தட்டினால் உதிர்ந்துவிடும் என்பது இந்த வேலையில் நமக்கு இருக்கும் பெரிய வசதி.

அடுத்து வருவதைத்தான் அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். நட்டு சிவந்திருக்கும்போதே ஸ்பேனர் போடக் கூடாது. ஸ்டட் ஹெட்டைவிட 500 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் 0.05 மி.மீ. வரை பெருக்கும். பெருத்து, மரைக்குள் இறுகியிருந்த வெள்ளைப் பொடியை நசுக்கும். ஆறும்போது சுருங்கும், அப்போதுதான் நசுங்கிய பொடிக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே இடைவெளி திறக்கும். இளக்கம் கிடைப்பது ஆறும்போதுதான். சிவப்பு அடங்கி, கருத்து, இன்னும் சூடு இருக்கையில் ஸ்டட் ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் மெழுகுதிரியைத் தொட்டு வைத்தோம். மெழுகு உருகி மரைக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு ஸ்பேனர். முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம், பிறகு அவிழ்க்கும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம். கிறீச்சென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அதன் பிறகும் ஒரே மூச்சில் திருகி எடுக்கவில்லை. கால் சுற்று வருவது, இறுக்கம் தெரிந்தால் திரும்பிப் போவது. வெள்ளை மாவு மரையெல்லாம் அப்பிய ஸ்டட் முழுசாக வெளியே வந்தது. துளையின் மரையில் ஒரு கீறல் இல்லை.

ஈஸி அவுட்டைப் பற்றி

கடையில் வாங்குகிற டூல் செட்டில் ஈஸி அவுட் இருக்கிறது. அதனாலேயே கை முதலில் அதற்குப் போகிறது. நான் அதை வெறுப்பவன் அல்ல. ஆனால் அதன் எல்லையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தோடு நேராக வளர்வதில்லை, விட்டத்தின் மும்மடியாக வளர்கிறது. விட்டம் பாதியானால் வலு எட்டில் ஒரு பங்கு. எட்டு மி.மீ. ஸ்டட் தன் முழு உடம்போடு முறுக்கித் தாங்காமல் முறிந்த இடத்தில், நாலு மி.மீ. ஈஸி அவுட் போய் அதைத் திருக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதன் எஃகு கடினமானது, உண்மைதான். கடினமான எஃகு வளையாது, முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். முறிந்தால் சாதாரண எச்.எஸ்.எஸ். ட்ரில் பிட் அதன் மேல் வழுக்கும், தொடக்கூட முடியாது. இன்னொன்று, கூம்பு வடிவ ஈஸி அவுட் உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டின் சுவரை வெளியே தள்ளுகிறது. ஏற்கெனவே இறுகிய ஸ்டட்டை இன்னும் இறுக்குகிறது.

சிக்காத ஸ்டட்டுக்கு, அதாவது களைத்து முறிந்ததற்கும் புதிதாகப் பூட்டும்போது முறிந்ததற்கும், ஈஸி அவுட் நல்ல கருவி. அந்தக் கணக்கில் மூன்றாம் சிலிண்டர் ஸ்டட்டுக்கு அது பொருத்தம்தான். பிறகு ஏன் முறிந்தது? துளை மையத்தில் இல்லை. முறிந்த முகத்தை அரத்தால் சமப்படுத்தாமல், சென்டர் பஞ்ச் ஆழமாகக் குத்தாமல், கையில் பிடித்த ட்ரில்லால் 5 மி.மீ. துளை போட்டிருக்கிறார்கள். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நிற்கும் பிட் எப்போதும் மென்மையான பக்கம் சாயும். ஒரு தடவை அலுமினியத்தைத் தொட்டுவிட்டால் திரும்பி வராது. துளை ஒன்றரை மி.மீ. கீழே விலகி, ஓரம் ஸ்டட்டின் சுவரைத் தாண்டிவிட்டது. அதில் இறங்கிய ஈஸி அவுட் பாதி ஸ்டட்டிலும் பாதி ஹெட்டிலுமாகக் கடித்திருக்கிறது. அது திருகியது ஸ்டட்டை அல்ல.

மூன்றாம் சிலிண்டர்

வண்டியில் வைத்தே இதைச் செய்ய முடியுமா என்று பார்த்தோம். எங்கள் பையன் டை கிரைண்டரையும் அதில் மாட்டும் கடின அரைமுனையான கார்பைடு பர்ரையும் எடுத்து வந்துவிட்டான்.

“அண்ணே, கொஞ்சம் கொஞ்சமா கொடஞ்சு எடுத்திரலாம்லா?”

“எடுக்கலாம் மக்கா. ஈஸி அவுட்டு போறதுக்கு முன்னால ஹெட்டு போயிரும். வெப்ராளப்படாத.”

கார்பைடு பர் அலுமினியத்தை வெண்ணெயாக அரியும், ஈஸி அவுட்டில் துள்ளும். ஸ்டட் வெளியே தெரிந்து, கண்ணுக்கு நேராக, கை ஊன்ற இடமிருந்தால் பொறுமைசாலி அதைச் செய்துவிடலாம். இங்கே கண்ணாடி வைத்துத்தான் துளையைப் பார்க்கவே முடிந்தது.

படிகார முறையும் யோசனைக்கு வந்தது. படிகாரம் கரைத்த சூடான நீர் எஃகை மெல்லக் கரைக்கும், அலுமினியத்தைப் பெரிதாகத் தொடாது. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் முறிந்த சிறு திருகுகளை இப்படித்தான் எடுப்பார்கள். அருமையான முறை. ஆனால் ஈஸி அவுட் போன்ற கலப்பு எஃகுக்கு அது மிக மெதுவாக வேலை செய்யும். ஹெட்டைக் கழற்றி நாள்கணக்கில் சூடான நீரில் வைக்க வேண்டும். டூல் ரூம்களில் இருக்கும், மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் எந்திரம் இதற்கென்றே பிறந்தது போல. அதற்கும் ஹெட்டைக் கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும். எந்த வழியில் போனாலும் ஹெட் இறங்கியாக வேண்டும் என்றான பிறகு, உடையவரிடம் செலவை முன்கூட்டியே சொன்னோம். ஹெட் கேஸ்கட், கூலண்ட், கூடவே டைமிங் பெல்ட்டும் மாற்றிவிடுவது நல்லது. அவர் ஒத்துக்கொண்டார்.

நாகர்கோவிலில் மில்லிங் எந்திரம் உள்ள ஒரு லேத்துப் பட்டறைக்கு ஹெட் போனது. அங்குள்ள மேஸ்திரி முதலில் கேட்ட கேள்வியிலேயே அவர் வேலை தெரிந்தவர் என்று புரிந்தது.

“மையம் எங்கன்னு சொல்லுங்க. மீதிய மெஷின் பாத்துக்கிடும்.”

கிடப்பது கோணலான துளை. அதைப் பார்த்து மையம் சொல்ல முடியாது. முதல் சிலிண்டர் போர்ட்டின் மேல் ஸ்டட்டுக்கும் கீழ் ஸ்டட்டுக்கும் உள்ள இடைவெளியை வெர்னியரில் எடுத்தோம். நடு போர்ட்டிலும் எடுத்தோம், ஒத்துப்போனது. அந்த அளவை மூன்றாம் போர்ட்டின் நலமான மேல் ஸ்டட்டிலிருந்து கீழே பிடித்துக் குறித்தோம். பிறகு மேனிஃபோல்டை மற்ற ஸ்டட்களில் மாட்டி, துளை வழியாகப் பார்த்து அந்தக் குறி நடுவில் விழுகிறதா என்று சரிபார்த்தோம். மேனிஃபோல்டுத் துளை பெரியது. அதை மட்டும் நம்பிக் குறித்தால் அரை மி.மீ. வரை தவறலாம். அதனால் அதைச் சாட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

போர்ட் முகம் மேசைக்குச் சமமாக இருக்கும்படி டயல் கேஜ் ஓட்டி ஹெட்டைக் கட்டியதும், முதல் வேலை ஈஸி அவுட்டை ஒழிப்பது. நாலு மி.மீ. முழுக் கார்பைடு எண்ட் மில், வேகம் அதிகம், இறக்கம் மிக மெல்ல. தொட்டு எடுப்பது, காற்று ஊதுவது, மறுபடி தொடுவது. கடின எஃகு சுருளாக வராது, கறுப்பு மணலாக உதிரும். அந்த உதிரல் உள்ளே தங்கினால் கார்பைடு முனை சில்லு விடும். ஊதுவதை ஒரு தடவைகூட விடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் மிச்சம் ஆட்டம் கண்டு, இரண்டு துண்டாகக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பிறகு மேசையை உண்மையான மையத்துக்கு நகர்த்தி, படிப்படியாகப் பெரிதாக்கி, 6.8 மி.மீ.க்குக் கொண்டுபோனார். எம்8 மரைக்கு டேப் அடிக்கும் (மரை வெட்டும்) முன் போடும் துளை அளவு அதுதான். மையம் சரியாக இருந்தால் இந்த அளவில் ஸ்டட்டின் உடம்பு முழுதும் போய், மரை மட்டும் மெல்லிய கம்பிச் சுருளாக அலுமினிய மரைக்குள் மிச்சமிருக்கும். ஸ்க்ரைபர் நுனியால் அதன் தலையை நெம்பி, மூக்குப் பிளையரால் பிடித்து இழுத்தார். ஸ்பிரிங் கம்பி போல அது அவிழ்ந்து வந்தது, நான் நினைத்தபடியே இறுக்கம் இல்லாமல். களைத்து முறிந்த ஸ்டட் உள்ளே இளக்கமாகத்தான் இருந்திருக்கிறது. மையத்தில் துளை போட்டு, இடமுறுக்கு ட்ரில் பிட் ஒன்றை உள்ளே ஓட்டியிருந்தாலே தானாகத் திருகிக்கொண்டு வெளியே வந்திருக்கக் கூடியது.

கீழ்ப்பக்கத்தில் மட்டும், பழைய துளை தின்ற இடத்தில், சில சுற்றுகளுக்கு மரையே இல்லை. அதனால் காயில், அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள், போட முடிவு செய்தோம். இங்கே ஒரு கணக்கு எங்களைக் காப்பாற்றியது. 5 மி.மீ. துளை ஒன்றரை மி.மீ. விலகியிருந்தது, அதன் கடைசி விளிம்பு உண்மை மையத்திலிருந்து 1.5-உம் 2.5-உம் சேர்ந்து 4 மி.மீ. தூரத்தில். எம்8 காயிலுக்குப் போடும் துளை 8.3 மி.மீ., ஆரம் 4.15 மி.மீ. கோணல் துளை முழுதும் அதற்குள் அடங்கிவிடும். இன்னும் அரை மி.மீ. விலகியிருந்தால் அலுமினியத்தை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பி, மறுபடி துளைத்து, போர்ட் முகத்தைச் சமப்படுத்த வேண்டியிருக்கும். துளை, காயிலுக்கான தனி டேப், அடியிலிருந்த தூளை ஊதி எடுப்பது, பிறகு காயில். மேல்முகத்துக்கு அரைச் சுற்று கீழே நிற்கும்படி இறக்கி, வால் முனையை உடைத்து வெளியே எடுத்தார். உடைத்த வாலை எண்ணி எடுக்க வேண்டும். உள்ளே கிடந்தால் ஸ்டட் அடிவரை இறங்காது. மென்மையான அலுமினியத்தில் போட்ட துருப்பிடிக்காத எஃகுக் காயில் பழைய மரையைவிடப் பலமானது. இதை ஒட்டுப்போட்ட வேலை என்று யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

முறிய வைத்தது எது

ஸ்டட் வெளியே வந்துவிட்டது. முறிந்த துண்டின் முகம் கேட்ட கேள்வி மிச்சம் இருந்தது: அசைத்தது யார்? மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்தால் நடுவில் ஒட்டி, மூன்றாம் சிலிண்டர் ஓரத்தில் 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) நுழைந்தது. சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களில் ஒன்று அறுந்து கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அதனால் வேகத்தடை ஒவ்வொன்றிலும் குழாயின் பாரம் முழுதும் மேனிஃபோல்டின் அந்த ஓரத்தில் தொங்கி ஆடியிருக்கிறது. வளைந்த முகம், தொங்கும் பாரம், துருவால் அடைபட்ட துளை, மூன்றும் ஒரே ஸ்டட்டின் கழுத்தில் விழுந்திருக்கின்றன. புது ஸ்டட் மட்டும் போட்டு அனுப்பியிருந்தால் அடுத்த தடைக்காலத்துக்குள் அதுவும் முறிந்திருக்கும்.

மேனிஃபோல்டு முகத்தை கிரைண்டிங்கில் சமப்படுத்தி, துளைகளின் துருவைச் சுரண்டினோம். தொங்கு ரப்பர்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். ஹெட் மேசைமேல் இருக்கும்போதே மீதி ஸ்டட்களையும் இரட்டை நட்டுப் போட்டு எடுத்துவிட்டுப் புதுசு வைத்தோம். ஹார்டுவேர் கடைக் கம்பியை அறுத்துப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எக்ஸாஸ்ட் சூட்டுக்கு அது ஆனதல்ல. வண்டிக்குரிய ஸ்டட்டே வேண்டும். ஹெட்டுக்குள் போகும் மரையில், அது சிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவினோம். கடலோர அலுமினியத்துக்குச் செம்பு கலந்ததைவிட நிக்கல் கலந்ததையே விரும்புகிறேன். அதைத் தடவினால் மரை வழுக்கும். காய்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை (இறுக்கும் முறுக்கு அளவு) அப்படியே கொடுத்தால் ஸ்டட் அதிகமாக இழுபடும், கால் பங்கு குறைக்க வேண்டும். அலுமினியத்தில் எம்8 எக்ஸாஸ்ட் ஸ்டட் என்றால் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்வதே முடிவு. நடு போர்ட்டில் தொடங்கி ஓரம் நோக்கி, இரண்டு தவணையாக, டார்க் ரெஞ்சில் இறுக்கினோம். கைக்கணக்கு இந்த இடத்தில் உதவாது.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் வண்டி குளிர்ந்த நிலையில் வந்தது. புதுப் பேக்கிங் படிந்ததில், மறுபடி இறுக்கியபோது இரண்டு நட்டுகள் சற்று ஏற்றுக்கொண்டன. மூன்றாம் சிலிண்டர் நட்டு அசையவில்லை, போர்ட்டைச் சுற்றிக் கரித்தடமும் இல்லை. மாதம் ஒரு முறையாவது எஞ்சினின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, உலர ஓட்டி, பிறகு நிறுத்தும்படி சொல்லியிருக்கிறோம். செலவில் பெரிய பங்கு ஹெட்டை இறக்கி ஏற்றிய கூலிக்கும் கேஸ்கட்டுக்கும் பெல்ட்டுக்கும் போனது. இரண்டு ஸ்டட்டுக்கும் காயிலுக்கும் ஆனது அதில் சொற்பம்.